லெர் ப்ளூ: பவுடர் மணக்கும் பூ வாசனையை முகர்ந்து பழக ஒரு வழிகாட்டி

கடையில் காகிதப் பட்டை ஒன்றில் பெர்ஃப்யூமை அடித்து நீட்டுவார்கள். நாமும் மூன்று விநாடி முகர்ந்துவிட்டுப் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவோம். பழச்சாறு மாதிரி மணக்கும் இந்தக் காலத்து பெர்ஃப்யூம்களுக்கு அது போதும். 'லெர் ப்ளூ'வை அப்படி முகர்ந்தால் ஏமாற்றம்தான். முதலில் மூக்கில் ஏறுவது சோம்பும் கிராம்பும். "என்ன இது, இருமல் மருந்து மாதிரி இருக்கே" என்று பட்டையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போய்விடுவார்கள். பவுடர் மணமுள்ள பூ வாசனைகளைப் பலரும் தவறவிடுவது இந்த மூன்று விநாடியில்தான்.

இந்த வகை வாசனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பெர்ஃப்யூமை மையமாக வைத்துக்கொள்வோம். லெர் ப்ளூ 1912இல் பாரிஸில் வெளிவந்தது. உருவாக்கியவர் ழாக் கெர்லான். 1828இல் தொடங்கிய கெர்லான் குடும்ப நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறைக்காரர். பெயருக்கு 'நீல நேரம்' என்று பொருள். சூரியன் மறைந்த பிறகு, நட்சத்திரம் முளைப்பதற்கு முன்னால், வானம் அடர்நீலமாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம். சென்னையில் அந்த வெளிச்சம் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் நீடிக்கும், அவ்வளவுதான். வடக்கே தள்ளி இருக்கும் பாரிஸில் கோடைக்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கும். அந்த நீண்ட அந்தியை ஒரு பாட்டிலில் வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பாட்டிலும் அழகு. கண்ணாடி மூடியை இதய உருவில் குடைந்திருப்பார்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் வந்த 'மித்ஸூகோ'வையும் இதே வடிவப் பாட்டிலில்தான் விற்றார்கள்.

முதலில் ஒரு தட்டு

பாட்டில் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பாதி வேலையைச் சமையலறையில் முடித்துவிடலாம். ஒரு தட்டில் இவற்றைத் தனித்தனியாக வையுங்கள்: ஒரு ஸ்பூன் சோம்பு, நான்கு கிராம்பு, அப்போது நறுக்கிய கேரட் துண்டு, வெண்ணிலா எசன்ஸில் நனைத்த பஞ்சு, பாதாம் எசன்ஸில் நனைத்த இன்னொரு பஞ்சு, கொஞ்சம் டால்கம் பவுடர். பன்னீர் ரோஜா கிடைத்தால் இரண்டு இதழ்.

சோம்பை உள்ளங்கையில் கசக்கி முகருங்கள். லெர் ப்ளூவின் வாசற்படி இதுதான். கூடவே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் வாசனையும் இருக்கும்.

கிராம்பை நசுக்கினால் வருவது யூஜினால். கார்னேஷன் பூவின் காரமான வாசனைக்கும் அதுவே அடிப்படை. நீலகிரியில் பசுமைக்குடிலில் வளர்த்துப் பூங்கொத்துக்கு அனுப்பும் கார்னேஷனில் வாசனை அவ்வளவாக இருக்காது. பல நாள் வாடாமல் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை. அதனால் பூவைத் தேடி அலைய வேண்டாம், கிராம்பே போதும்.

அப்புறம் பாதாம் பஞ்சையும் வெண்ணிலாப் பஞ்சையும் ஒன்றாகப் பிடித்து, மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்து முகருங்கள். ஹீலியோட்ரோப் பூவின் வாசனைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். பெரு நாட்டிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போன செடி அது. நம் வயல் வரப்பில் முளைக்கிறதே தேள்கொடுக்குச் செடி, பூக்கொத்து தேளின் வால் மாதிரி சுருண்டிருக்குமே, அதற்கு நெருங்கிய சொந்தம். இந்த மணத்தைத் தரும் பொருளுக்கு ஹீலியோட்ரோபின் என்று பெயர். வேதியியலில் பைப்பரோனால் என்பார்கள். பைப்பர் என்றால் மிளகு. 19ஆம் நூற்றாண்டில் மிளகின் காரப்பொருளான பைப்பரினிலிருந்து முதலில் எடுத்ததால் அந்தப் பெயர். மிளகு ரசத்தின் காரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு குழந்தைப் பவுடர் வாசனை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

கடைசியில் கேரட். இதில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐரிஸ் செடியின் கிழங்கு வாசனையை விளக்கக் கேரட்டைவிட நல்ல பொருள் நம் வீட்டில் கிடையாது. குளிர்ச்சியாக, லேசாக மண் வாடையோடு, இனிப்பா கசப்பா என்று பிடிபடாமல் நிற்கும் அந்த வேர் வாசனை. ஐரிஸின் பூவிலிருந்து வாசனை எடுப்பதில்லை, கிழங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். இத்தாலியில் ஃப்ளாரன்ஸைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் இதற்குப் பேர்போனவை. செடி ஏறக்குறைய மூன்று வருஷம் மண்ணில் வளர்கிறது. கிழங்கைத் தோண்டித் தோல் சீவிக் காயவைத்து, இன்னும் மூன்று வருஷம் போல அப்படியே கிடங்கில் போட்டு வைக்கிறார்கள். தோண்டிய அன்று அதில் அந்த வாசனை இருப்பதே இல்லை. காற்று பட்டுப் பட்டு, கிழங்குக்குள் ஐரோன் என்ற பொருள் மெல்ல உருவாகிறது. பிறகு ஆவியில் வடித்தால் வெண்ணெய் மாதிரி உறைந்த ஒரு பொருள் கிடைக்கும். அதன் பெயரே ஐரிஸ் வெண்ணெய். ஒரு டன் காய்ந்த கிழங்குக்கு ஏதோ இரண்டு கிலோ தேறும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

தனித்தனியாக முகர்ந்தாகிவிட்டதா? சரி, காய்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, அதில் ஒரு சிட்டிகை பவுடர், நசுக்கிய கிராம்பு ஒன்று, ஏழெட்டுச் சோம்பு, ஒரு சொட்டு வெண்ணிலா, அரைச் சொட்டு பாதாம் எசன்ஸ் போட்டுத் தட்டால் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். திறந்த உடனே மூக்கை உள்ளே விடாதீர்கள். டம்ளரை முகத்துக்கு நேராக மெல்ல ஆட்டுங்கள். வருவது லெர் ப்ளூ ஆகாது, ஆனால் அதன் கோட்டோவியம். இந்த டம்ளரை முகர்ந்த பிறகு அசலை முகர்கிறவர்கள் 'இருமல் மருந்து' என்று சொல்ல மாட்டார்கள். சோம்பு தனியாக, கிராம்பு தனியாக அவர்களுக்குக் கேட்க ஆரம்பித்துவிடும்.

நடுநடுவே மூக்கு மரத்துப்போனால் காப்பிக்கொட்டை தேட வேண்டியதில்லை. உங்கள் முழங்கை மடிப்பையே நான்கைந்து மூச்சு முகர்ந்தால் போதும்.

பவுடருக்கு ஏது வாசனை?

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 'பவுடர் வாசனை' என்கிறோம். ஆனால் டால்க் என்பது ஒரு கல்லின் பொடி, பழைய முகப்பவுடர்களோ அரிசி மாவு. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாசனை இல்லை. நாம் பவுடர் வாசனை என்று நினைப்பதெல்லாம் அதில் கலந்த ஐரிஸ், வயலெட், ரோஜா, ஹீலியோட்ரோப் வாசனைகள். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் செயற்கைமுடிக்குப் போட்ட பவுடரிலேயே ஐரிஸ் கிழங்குப் பொடி மணத்தது. 1893இல் டீமன், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஐரிஸ் கிழங்கை ஆராயப் போய், வயலெட் பூவின் மணத்தைத் தரும் ஐயனோனைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அதுவரை பணக்காரர்களுக்கு மட்டும் எட்டிய வயலெட் வாசனை, சோப்பு, பவுடர், லிப்ஸ்டிக் என்று எல்லாவற்றிலும் இறங்கியது. ஃப்ரான்ஸ்வா கோத்தி 1905இல் கொண்டுவந்த 'லோரிகான்' இதே குடும்பத்து பெர்ஃப்யூம். லெர் ப்ளூவுக்கு அக்கா என்று சொல்லலாம். பின்னால் அதே கோத்தியின் முகப்பவுடரிலும் அந்த வாசனை ஏறி உலகமெங்கும் போனது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், "இது பாட்டி வாசனை" என்ற ஒரே வார்த்தையில் இந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். என் பெரியம்மாவிடம் வெளியூர் கிளம்பும்போது மட்டும் எடுக்கும் கறுப்புத் தோல் கைப்பை ஒன்று இருந்தது. அதன் கொக்கியைத் திறந்தால் பவுடர் டப்பாவும் தேய்ந்த லிப்ஸ்டிக்கும், பேருந்தில் குமட்டாமல் இருக்க மடித்து வைத்த கிராம்புப் பொட்டலமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். பல வருஷம் கழித்து லெர் ப்ளூவை மணிக்கட்டில் அடித்து, இரண்டு மணி நேரம் போனபின் முகர்ந்தபோது அந்தப் பை திறந்தது. ஆனால் அந்தப் பையோடு ரயில் ஏறிய பெரியம்மாவுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. தனியாக டெல்லி வரைக்கும் போய்விட்டு வருவார். முதுமை அந்த வாசனையில் இல்லை. அதை நினைவு வைத்திருக்கும் நமக்குத்தான் வயதாகிவிட்டது.

எதை, எவ்வளவு வாங்குவது

முழுப் பாட்டிலை முதலில் வாங்கவே வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். அசல் பாட்டிலிலிருந்து 5 மில்லி, 10 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 'டீகேன்ட்' என்று கேளுங்கள். 5 மில்லிக் குப்பியில் ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கலாம். ஒரு பருவம் முழுக்கப் பழகிப் பார்க்க அது தாராளம்.

மூன்று செறிவுகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓ டி டாய்லெட்டில் வாசனைச் சாரம் குறைவு, ஓ டி பர்ஃபத்தில் அதிகம், எக்ஸ்ட்ரே எனப்படும் சாற்றில் எல்லாவற்றையும்விட அதிகம். லெர் ப்ளூவைப் பொறுத்தவரை ஓ டி டாய்லெட் சோம்பும் மூலிகையுமாகக் காற்றோட்டமாக இருக்கும், ஓ டி பர்ஃபம் வெண்ணிலாவும் பாதாமுமாக அடர்த்தியாக இருக்கும். எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் எழுதிய விமர்சனத்தோடு ஒப்பிட்டுக் குழம்புவீர்கள்.

இன்னொன்று, 1912இல் கலந்த கலவையும் இன்று வருவதும் ஒன்றல்ல. பழைய பெர்ஃப்யூம்களில் தாராளமாக ஊற்றிய சில கஸ்தூரி வகைகளும், கார்னேஷன் மணத்துக்குச் சேர்த்த ஐசோயூஜினால் மாதிரிப் பொருள்களும் தோல் ஒவ்வாமை முதலிய காரணங்களால் இன்று நின்றுபோயின, அல்லது அளவு குறைந்தன. பழைய பாட்டிலை முகர்ந்து எழுதியவர் சொல்லும் எல்லாம் உங்கள் குப்பியில் இருக்காது. அதனால் உங்கள் மூக்கில் குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

போலிகளையும் சொல்லியாக வேண்டும். பாதி விலை என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நான் ஒரு பாட்டில் வாங்கினேன். முதல் நிமிடம் அசல் மாதிரியே இருந்தது. அரை மணி நேரத்தில் சர்க்கரைப் பாகு மட்டும் மிஞ்சியது. ஐரிஸ் வரவே இல்லை. போலியில் முதலில் கெடுவது, கடைசிவரை தோலில் தங்க வேண்டிய அடிவாசனைதான், ஏனென்றால் காசு அங்கேதான் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் அடியில் அச்சிட்ட தொகுப்பு எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். விலை நம்ப முடியாதபடி குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள்

சோதனைக்கு அந்தி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்காகச் சொல்லவில்லை. வெயில் தணிந்த தோலில்தான் இது ஒழுங்காக விரிகிறது. ஐந்தரை மணிவாக்கில் வாசனை இல்லாத சோப்பால் கையைக் கழுவித் துடைத்து, மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். வீட்டுக்குள் தாளிப்பு, ஊதுவத்தி, கொசுவத்தி என்று ஏதாவது ஒன்று குறுக்கிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், சாம்பிராணிப் புகை போட்டால் அன்றைய சோதனை போச்சு.

கிராம்பு சார்ந்த வாசனை என்பதால் முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் வரை சிவக்கிறதா, அரிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒரு மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். தேய்த்த சூட்டில், அடித்ததும் முதலில் வரும் மேல்வாசனை அவசரமாகப் பறந்துவிடும், சோம்பிலிருந்து பவுடருக்கு அது இறங்கி வரும் வழியைப் பார்க்க முடியாது.

முதல் பத்து நிமிடம் சோம்பு, பெர்கமாட், கிராம்பு. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கையைத் தொங்கவிட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். அரை மணியில் பூக்கள் வரும். கார்னேஷன், ரோஜா, ஆரஞ்சுப் பூ என்று பட்டியலில் இருக்கும், ஆனால் நமக்குத் தனித்தனியாகப் பூ தெரியாது. பூக்கடைக்குள் நுழையாமல் அதன் வாசலைக் கடந்து போகிற மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் பவுடர் இறங்கும். முதலில் குளிர்ந்த ஐரிஸ், பிறகு அதன் கீழிருந்து கதகதப்பாகப் பாதாமும் வெண்ணிலாவும். பருத்திப் புடவை மடிப்பில் முகத்தைப் புதைத்த மாதிரி.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். வாசனை திடீரென்று காணாமல் போகும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை அடித்துவிடாதீர்கள். வயலெட் மணம் தரும் ஐயனோனுக்கு நம் மூக்கு சீக்கிரம் சோர்ந்துவிடும். சில நிமிடம் அது கேட்காது, பிறகு திரும்ப வரும். வந்து வந்து போவதுதான் அதன் இயல்பு. உங்களுக்கு வராவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஐயனோனில் ஒரு வகையான பீட்டா ஐயனோனை எல்லோரும் ஒரே மாதிரி முகர்வதும் இல்லை. மூக்கிலுள்ள வாசனை ஏற்பிகளில் ஒன்றின் மரபணுவில் உள்ள சிறு வேறுபாட்டால் சிலருக்கு அது பூவாக மணக்கிறது, சிலருக்குப் புளித்த வாடையாகத் தெரிகிறது, சிலருக்கு எட்டுவதே இல்லை. 2013இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அடிவாசனையில் இருக்கும் கஸ்தூரி வகைகளுக்கும் இப்படி ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஆகவே வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று பதில் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை.

அவள் யார்?

பெர்ஃப்யூம் ஒரு ஆளை நினைவூட்டும் என்பது விளம்பரப் பேச்சு மட்டும் கிடையாது. எந்தப் பொருள் எப்போது வருகிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஆள் உருவாகிறார். புதியவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி இதுதான்: ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து, அந்த வாசனையை ஒரு பெண்ணாக நினைத்து, மூன்று கேள்விக்கு மட்டும் நோட்டில் பதில் எழுதுங்கள். அங்கே மணி என்ன? அவள் எங்கே இருக்கிறாள்? என்ன செய்துகொண்டிருக்கிறாள்? 'மென்மையான', 'அழகான' போன்ற சொற்கள் வேண்டாம், அவை எந்தப் பாட்டிலுக்கும் பொருந்தும்.

லெர் ப்ளூவுக்கு என் நோட்டில் இருப்பது: மாலை ஆறரை. மாடி முகப்பில் நாற்காலி. உடுத்தி முடித்துவிட்டாள், விளக்கு இன்னும் போடவில்லை. ஒருவர் வர வேண்டியிருக்கிறது, அவள் தெருவை எட்டிப் பார்க்கவில்லை.

மேற்கில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சோகமான வாசனை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் படித்த நமக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. ஏங்கி இரங்குவதற்கு நெய்தல், ஆற்றியிருந்து காத்திருப்பதற்கு முல்லை என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், சிறுபொழுது மாலை. அந்தப் பூவே மாலையில்தான் அவிழ்கிறது. லெர் ப்ளூ முழுக்க முழுக்க முல்லை. அவளிடம் புலம்பல் இல்லை, வருவார் என்ற உறுதி இருக்கிறது. கிராம்பின் காரம் அந்த உறுதிதான். அது இல்லாமல் பவுடரும் வெண்ணிலாவும் மட்டும் இருந்திருந்தால் குழைந்துபோயிருப்பாள்.

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1906இல், இதே ழாக் கெர்லான் 'அப்ரே லோந்தே' என்ற ஒன்றைச் செய்தார். வயலெட்டும் ஐரிஸும் சோம்பு மணமும் ஹீலியோட்ரோபுமாக, லெர் ப்ளூவைவிட மெல்லியது. பெயரின் பொருள் 'மழைக்குப் பின்'. முல்லையின் பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. பாரிஸில் இருந்த மனிதர் நம் திணையைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இருந்தாலும் மழை ஒரு பாட்டில், மாலை ஒரு பாட்டில் என்று அடுத்தடுத்துச் செய்திருக்கிறார். இரண்டையும் இரண்டு கைகளில் அடித்துக்கொண்டு முகரும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. உங்களுக்கு வேறு ஆள் தெரியலாம். நோட்டில் இருப்பது உங்கள் மூக்கு எழுதியதாக இருந்தால் போதும்.

நம் வெயிலும் நம் உடுப்பும்

பாரிஸ் அந்திக்குச் செய்த வாசனையைச் சித்திரை வெயிலில் நான்கு தடவை அடித்துக்கொண்டு பேருந்து ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் பாவம். ஹீலியோட்ரோபும் வெண்ணிலாவும் வியர்வையோடு சேர்ந்து திகட்டும். ஐப்பசி முதல் தை வரை இதற்கு நல்ல காலம். மார்கழிச் சாயங்காலம் அருமை. மற்ற மாதங்களில் ஏசி அறைக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் கழுத்தில் வேண்டாம், முழங்காலுக்குப் பின்னாலோ இடுப்பிலோ அடித்துக்கொண்டால் சூட்டில் மேலே மெல்ல வரும். தோல் வறண்டிருந்தால் வாசனை சீக்கிரம் போய்விடும். வாசனையில்லாத க்ரீமைத் தடவி ஐந்து நிமிடம் கழித்து அடியுங்கள்.

பட்டுப் புடவையில் நேராக அடிக்காதீர்கள். கறை விழும், சரிகை கறுக்கும். பருத்திக் கைக்குட்டையில் அடித்து இடுப்பில் செருகிக்கொள்வது பழைய வழக்கம், இந்த வாசனைக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தலையில் மல்லிகை வைக்கும் நாளில் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். மல்லிகையும் மாலையில்தான் அவிழும், அதன் முன்னால் ஐரிஸின் குரல் எடுபடாது. மரிக்கொழுந்தோடு சேர்ந்தால் இரண்டும் சண்டை போடும். கனகாம்பரத்துக்கு வாசனையே இல்லை, அதனால் கனகாம்பரமும் லெர் ப்ளூவும் கச்சிதமான ஜோடி.

குப்பியை பீரோவில் துணிக்கு நடுவே வைக்கலாம், பாச்சா உருண்டை போட்ட தட்டில் மட்டும் வேண்டாம். குளியலறையும் ஜன்னலோரமும் ஆகாது. வெளிச்சமும் சூடும் பட்டால் முதலில் பெர்கமாட் கெடும்.

இது கடினமாக இருந்தால்

எடுத்த எடுப்பில் லெர் ப்ளூ ஒட்டவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஏணியில் கீழ்ப்படியிலிருந்து ஏறலாம். 2000இல் ஆல்பர்ட்டோ மொரியாஸ் செய்த 'ஃப்ளவர் பை கென்ஸோ' நல்ல முதல் படி. கசகசா இனத்துச் சிவப்புப் பாப்பிப் பூவுக்கு வாசனை கிடையாது. இல்லாத அந்த வாசனையை வயலெட், ரோஜா, வெண்ணிலா, வெண்கஸ்தூரி கொண்டு கற்பனையாகச் செய்தார். அந்தப் பெண் காலை எட்டு மணிக்குக் குளித்து முடித்து நகரத்துக்குள் நடக்கிறாள், யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்து 2007இல் டேனியெலா ஆன்ட்ரியே ப்ராடாவுக்குச் செய்த 'இன்ஃப்யூஷன் தீரீஸ்'. அதில் இனிப்பு குறைவு. சலவை செய்த வெள்ளைச் சட்டையும் ஐரிஸுமாக இருக்கும், நம் வெயிலுக்கும் தாங்கும். இந்த இரண்டிலும் பவுடர் என்றால் என்ன என்று மூக்குக்குப் பிடிபட்ட பிறகு லெர் ப்ளூவுக்குத் திரும்பி வாருங்கள். ஆண்களும் தாராளமாக வரலாம். 2005இல் வந்த 'டியோர் ஓம்' ஆண்களுக்கென்றே ஐரிஸை வைத்துச் செய்தது, லிப்ஸ்டிக் வாசனை என்று அதையும் முதலில் சொன்னவர்கள் உண்டு.

சோதனை நாளின் கடைசி வேலை மறுநாள் காலையில் இருக்கிறது. இரவு படுக்கும்போது கையைக் கழுவாமல் படுங்கள். விடிந்ததும் காப்பி குடிப்பதற்கு முன்னால் மணிக்கட்டையும் தலையணை உறையையும் முகருங்கள். சோம்பும் கிராம்பும் எப்போதோ போயிருக்கும். லேசான வெண்ணிலா, கொஞ்சம் ஐரிஸ், உங்கள் தோலின் வாசனை மூன்றும் பிரிக்க முடியாமல் கிடக்கும். அந்தக் காலை வாசனையை இன்னொரு தடவை முகர வேண்டும் என்று கை தானாக மூக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு காலை தொடர்ந்து போனால், முழுப் பாட்டிலுக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம்.